நனைந்த சர்க்கியூட் போர்டைக் கழுவிக் காப்பாற்றலாம்
மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. ஈய லம்பங்கள் கழித்துப் போட்ட அமாங் மணலிலிருந்து இட்ரியம் போன்ற அருமண் உலோகங்களைப் பிரித்தார்கள். கழிவில் கதிர்வீச்சுள்ள தோரியம் தங்கியது. ஊர் மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றம் ஏறினார்கள். 1992-இல் வந்த தடை மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

கலர் டிவியின் பழைய படக்குழாயில் சிவப்பைக் காட்டியது இட்ரியம் கலந்த பூச்சுதான். இப்படி ஊர்கள் விலை கொடுத்து வந்த பொருளை, வெள்ளத்தில் நனைந்தது என்பதற்காகவே தூக்கிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தண்ணீர் பட்டதுமே போர்டு சாகாது. தொழிற்சாலையிலேயே பல போர்டுகளைப் பற்றவைத்தபின் தண்ணீரில் கழுவுகிறார்கள். கெடுப்பது வெள்ளநீரில் கரைந்த உப்பும், அதில் பாயும் மின்சாரமும். ஈரத்தோடு சுவிட்சைப் போட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்து, ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு வேர்போல இழைவிடும். இரண்டும் தொட்டால் ஷார்ட்.

தீ விபத்திலும் இதுபோன்ற படிவுதான் எதிரி. பிவிசி வயர் எரிந்தால் எழும் ஹைட்ரஜன் குளோரைடு, தீ தொடாத அறைக்கும் புகையோடு போய்ப் படியும். காற்றின் ஈரத்தை வாங்கி உலோகத்தை அரிக்கும். பேராக் காற்றில் அந்த ஈரத்துக்குக் குறைவே இல்லை. எனவே முதலில் அறையை அடைத்து ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். நியூயார்க்கில் 1975 பிப்ரவரி 27-இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்று எரிந்து சுமார் 1,70,000 டெலிபோன்கள் அடங்கின. எரிந்துபோனதைப் புதிதாக மாட்டி, புகை படிந்ததைத் துடைத்தெடுத்து, மூன்று வாரம் சொச்சத்தில் இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள்.

வீட்டுக் கருவிக்கும் வழி இதுவே. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, பிளக்கையும் பேட்டரியையும் கழற்றுங்கள். பவர் சப்ளை கப்பாசிட்டரில் அதன்பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்; அதைப் பழகியவர் மட்டுமே தொட வேண்டும். சேறு காயுமுன் உப்பு நீக்கிய தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு போர்டைக் கழுவ வேண்டும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்: சிப்புக்கு அடியில் ஒளிந்த நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிறகு இளஞ்சூட்டில் ஓரிரு நாள் உலர்த்தல். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் உப்பு போகாது.

வீங்கிய லித்தியம் பேட்டரியைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழுவவும் காயவைக்கவும் கூடாது. மூச்சுத் துளை வழியே புகுந்த சேறு தட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பையில் கட்டி, ஈரத்தோடேயே டேட்டா மீட்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.