சுத்தியலைக் குழந்தையிடம் கொடுங்கள்!

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து, 2017-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். படித்தது சிவில் டிப்ளமோ. பிறந்த ஊர் தமிழ்நாட்டில் என்றாலும், உத்தியோகம் பாலக்காட்டுக்குக் கொண்டு வந்தது. ஒலவக்கோட்டில் வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டோம். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஐந்தாறு பிள்ளைகள். ஒருவனுடைய சைக்கிளில் சங்கிலி கழன்றுவிட்டது. அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்களே தவிர, ஒருவரும் தொடவில்லை. "அப்பா வந்ததும் கடைக்குக் கொண்டு போவார்" என்றான் சைக்கிளுக்குச் சொந்தக்காரன். எல்லோரும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். ஆனால் கையில் மசி படுவது என்றால் பயம்! ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்து, எங்கே நெம்ப வேண்டும் என்று சொன்னேன். இரண்டே நிமிடத்தில் சங்கிலி ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் ஓடாத சுவர்க் கடிகாரம், இன்னொருத்தியிடம் எரியாத டார்ச் லைட். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை பிறந்த கதை இவ்வளவுதான்.

பெயர்ப்பலகை கிடையாது, கட்டணம் கிடையாது. கார் இல்லாத கார் ஷெட் ஒன்றுதான் இடம். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, நான் - இந்த நால்வர்தான் தொண்டர்கள். எட்டு முதல் பதினாறு வயது வரை பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள்.

முன்னோடிகள்

இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. கேரள மண்ணில் இதற்கு நல்ல பாரம்பரியம் உண்டு. 1962-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் மக்களிடம் கொண்டு போனது. பிள்ளைகளுக்காக 'யுரீக்கா' இதழை 1970-ல் தொடங்கியது. ஊர்தோறும் 'பாலவேதி' என்ற சிறுவர் மன்றங்களைத் தொண்டர்களைக் கொண்டே நடத்தி வந்தது. 1996-ல் 'ரைட் லைவ்லிஹுட்' என்ற சர்வதேச விருதையும் பெற்றது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத முண்டூரில், கிராமத் தொழில்நுட்பத்துக்கென்றே 1987-ல் ஒரு மையத்தையும் ஏற்படுத்தியது.

தமிழிலும் இதே முயற்சி நடந்தது. 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்தி வருகிறது. அதன் பிள்ளைகள் மன்றத்துக்குத் 'துளிர் இல்லம்' என்று பெயர். உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றைப் பிள்ளைகளே ஆராய்ந்து சொல்லும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே வடிவக் கணிதத்தைக் கற்றுக் கொடுக்கலாம் என்று காட்டினார். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பட்டறையில் மிட்டாய் கொடுத்தோம்!

எங்கள் முதல் பாடமும் அவர் வழியில்தான். நான்கு குச்சிகளை வால்வு டியூபால் இணைத்துச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை இணைத்துப் பாருங்கள். எப்படி அழுத்தினாலும் அசையாது. ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது பிள்ளைகளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மலையாளப் பள்ளியில் படிக்கும் ஒருத்தி "த்ரிகோணம்" என்றாள். "நம்ம பாஷையில முக்கோணம்" என்றான் இன்னொருவன். "மூணு கோணம் இருக்கிறதால முக்கோணமா?" என்று அவளே கேட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

பாஷையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் பல வீடுகளில் "சாப்பிடு, குளி, படு" என்ற அளவில் நின்றுவிடுகிறது. கையில் வேலை இருக்கும்போதுதான் துளை, முடிச்சு, ஆணி, சாய்வு, விகிதம் என்ற சொற்களெல்லாம் தேவைப்படுகின்றன. தேவைப்பட்ட சொல் மறப்பதில்லை.

நான் வாங்கிய முதல் பாடம்

இனி என் தவறுக்கு வருகிறேன். 2022-ல் ஒரு கண்காட்சிப் போட்டி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தென்னை ஈர்க்கில் பாலம் செய்து கொண்டிருந்தான். கோணல் மாணலாக வந்தது. போட்டிக்கு இரண்டே நாள்தான் பாக்கி. எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கே கொடு" என்று வாங்கி, ஈர்க்குகளை ஒரே நீளத்தில் நறுக்கி, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒட்டினேன். பாலம் அச்சு அசலாக அமைந்தது. பரிசும் கிடைத்தது.

மேடையில் நடுவர், "இந்தக் குறுக்குச் சட்டம் ஏன் சாய்வாக இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "தாத்தாவுக்குத்தான் தெரியும்."

அவனுக்கு அந்த விடை தெரியும். மூன்று குச்சிப் பாடத்தில் முதலில் கை தூக்கியவனே அவன்தான். ஆனால் அந்தப் பாலம் அவனுடையது அல்லவே! தனது அல்லாத பொருளுக்கு அவன் எப்படிப் பதில் சொல்வான்? அதன் பிறகு நான்கு வாரம் அவன் பட்டறைக்கு வரவில்லை. பரிசுக் கோப்பையை அவன் அம்மா ஷோகேஸில் வைத்திருந்தார்கள். அவன் அதன் பக்கம் பார்ப்பதே இல்லை என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

நான் அவன் வீட்டுக்குப் போய், "தப்பு என்னுடையதுதான், கண்ணா. இனிமேல் உன் வேலையில் கை வைக்க மாட்டேன்" என்றேன். ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவது வாரம் தானே செய்த ஒரு பாலத்தோடு வந்தான். சற்றுக் கோணல்தான். மூன்று செங்கல் தாங்கியது, நான்காவதில் முறிந்தது. முறிந்த இடத்தை எல்லோருக்கும் காட்டி, "இங்கே ஒரு முக்கோணம் விட்டுப் போச்சு" என்றான். அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் பரிசு வாங்கிய அன்று இல்லை.

அன்று முதல் பட்டறையில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று.

மூணாறும் ஒலவக்கோடும்

கை கட்டினால் போதுமா? வாயையும் கட்ட வேண்டும் என்பது 2024-ல்தான் புரிந்தது.

என் மைத்துனர் குடும்பம் இடுக்கி மாவட்டம் மூணாறில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் தேயிலைத் தோட்ட வேலையில் வாழும் ஊர். மைத்துனர் மகள் மாலை நேரத்தில் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். 2023 டிசம்பரில் போனபோது என் பெட்டியையும் எடுத்துச் சென்றேன். அங்கே 1902-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியதையும், 1908-ல் அது இரண்டடி அகலக் குறுகிய பாதையாக மாறியதையும், 1924-ஆம் ஆண்டு வெள்ளம் எல்லாவற்றையும் அழித்ததையும் சொன்னேன். உடனே தரையில் கயிறு கட்டி இரண்டடிப் பாதை, ஒரு மீட்டர் பாதை, 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை மூன்றையும் போட்டுப் பார்த்தார்கள். பாலக்காடு - பொள்ளாச்சி பாதை 2015-ல் அகலப்பாதையாகத் திறந்தபோது என்ன மாறியது என்று அந்தக் கயிறுகளே சொல்லிவிட்டன.

அப்போது ஒரு யோசனை வந்தது. நம் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். அன்று செங்குத்தான கோலுக்கு நிழல் இராது. மூணாறில் இது ஏப்ரல் 15, 16 வாக்கில். வடக்கே இருக்கும் பாலக்காட்டில் இரண்டு நாள் கழித்து. மூணாறில் நிழல் இல்லாத அன்று ஒலவக்கோட்டில் ஒரு சிறு நிழல் இருக்கும் அல்லவா? அதை வைத்துப் பூமியின் அளவையே கண்டுபிடிக்கலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரடோஸ்தனிஸ் செய்ததும் இதுதான்.

2024 ஏப்ரல் 15, சித்திரைப் பிறப்புக்கு மறுநாள். இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் கோல், தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்தாக நட்டார்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அல்ல. எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12 மணி 23 நிமிடத்துக்கு. நம் கைக்கடிகாரம் காட்டும் இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாமோ அதற்கு மேற்கே இருக்கிறோம். 1906-ல் இந்திய நேரம் வருவதற்கு முன் ரயில்கள் 'மெட்ராஸ் நேரத்தில்' ஓடின என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே வேடிக்கை.

நிமிடத்துக்கு ஒரு முறை நிழலைக் குறித்தார்கள். எங்கள் மிகக் குறுகிய நிழல் 15 மில்லிமீட்டர். மூணாறிலிருந்து போனில் "நிழல் இல்லை" என்று செய்தி வந்தது. இரண்டு ஊருக்கும் வடக்கு - தெற்கு தூரம் வரைபடத்தில் சுமார் 78 கிலோமீட்டர். கோலுக்கும் நிழலுக்கும் என்ன விகிதமோ, அதே விகிதம்தான் பூமியின் ஆரத்துக்கும் இந்த 78-க்கும். கணக்குப் போட்டார்கள்: 5,200 கிலோமீட்டர். புத்தகத்தில் இருப்பது சுமார் 6,370! பிள்ளைகள் முகம் வாடிப் போயிற்று.

கோல் சாய்ந்திருந்ததா, தரை மட்டமில்லையா என்று ஒரு மணி நேரம் விவாதம். சாயங்காலம் மூணாறிலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனில் வந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தாத்தா, எங்க கோலுக்குக் கொஞ்சம் நிழல் இருந்துச்சு. மூணு மில்லிமீட்டர். வடக்குப் பக்கம். நிழல் இருக்காதுன்னு நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்கல்ல, அதான் நான் தப்பா அளந்துட்டேன்னு நெனச்சுச் சொல்லல."

நான் சற்று நேரம் பேசவில்லை. குழந்தை கண்ணால் கண்டதை, நான் சொன்ன விடைக்குப் பயந்து மறைத்துவிட்டது! சூரியன் அன்று நண்பகலில் மூணாறுக்கு மிகச் சரியான உச்சியில் இல்லை. சற்றே தெற்கே இருந்தது. அவள் அளந்ததுதான் சரி. இரண்டு நிழலும் வடக்கே விழுந்ததால் 15-லிருந்து 3-ஐக் கழிக்க வேண்டும். 12 மில்லிமீட்டரை வைத்துக் கணக்கிட்டால் 6,500 கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஐந்நூறு கிலோமீட்டர் மாறிவிடும் சோதனையில் இது நல்ல விடை; கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது என்று பிள்ளைகளிடமே சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன். இங்கே பதினைந்து பேரும் அவளுக்குக் கை தட்டினார்கள். அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

தண்டவாளத்தில் வேலை பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலையில் பாதையை நடந்து பார்க்கும் கீமேன், விரிசல் இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதிகாரி "எல்லாம் சரியாகத்தானே இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டால், பயந்தவன் தலையாட்டிவிடுவான். அந்தத் தலையாட்டலில் ரயில் கவிழும்.

உங்கள் ஊரிலும் தொடங்கலாம்

சங்கத்துக் குடும்பங்கள் நான்கு சேர்ந்தால் எந்த ஊரிலும் இதைத் தொடங்கலாம். ஒரு பெட்டி போதும்: சுத்தியல், திருப்புளி, குறடு, அளவு டேப், நூல், சைக்கிள் வால்வு டியூப், டார்ச் செல், பழைய கடிகாரம் ஒன்று. வீட்டு மின்சாரத்தைத் தொட விடாதீர்கள், செல்லோடு நிறுத்துங்கள். பிளேடு எடுத்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தை நாங்கள் மாமரத்தடித் தரையில்தான் பார்த்தோம். இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகத் தெரிந்தது. அதை முதலில் கண்டு சொன்னது நான் அல்ல, எட்டு வயதுச் சிறுமி.

பட்டறைச் சுவரில் இப்போது இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறோம். 'பெரியவர்கள் கையைக் கட்டிக்கொள்ளவும். விடையை முன்கூட்டிச் சொல்லாதிருக்கவும்.' எழுதியவன் அந்த ஈர்க்குப் பாலத்துப் பையன். எழுத்து சற்றுக் கோணல்தான். நான் திருத்தவில்லை.