இருளுக்குப் பழகும் கண்

நண்பகல் வெயிலிலிருந்து திரையரங்கிற்குள் நுழைகிறோம். படம் தொடங்கிவிட்டது. இருக்கை தெரியாமல் யார் காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டு, தடவித் தடவி அமர்கிறோம். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் பின்வரிசைக்காரரின் முகம்கூடத் தெரிகிறது. அரங்கில் வெளிச்சம் கூடவில்லை. அப்படியானால் மாறியது எது?

கண்மணி விரிவதுதான் காரணம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், அது முழுமையாக விரிந்தாலும் உள்ளே நுழையும் ஒளி ஏறத்தாழ 16 மடங்கே கூடும். இருளில் கண்ணின் ஒளியுணர்திறனோ ஆயிரக்கணக்கான மடங்கு உயர்கிறது. உண்மையான வேலை விழித்திரையில் நடக்கிறது.

அங்கே இருவகை உயிரணுக்கள் உள்ளன. கூம்பு உயிரணுக்கள் பகலுக்கும் நிறத்திற்கும் உரியவை. குச்சி உயிரணுக்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. குச்சிகளில் ரொடோப்சின் என்னும் செந்நிற நிறமி இருக்கிறது. தவளையின் விழித்திரைச் செம்மை வெளிச்சத்தில் வெளுத்துப் போவதை 1876இல் பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார்.

ரொடோப்சின் என்பது ஆப்சின் என்ற புரதமும் உயிர்ச்சத்து ‘ஏ’யிலிருந்து உருவாகும் ரெட்டினாலும் இணைந்தது. ஒளி பட்டதும் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது. உயிரணு மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலை தொடங்குகிறது. பிறகு ரெட்டினால் பிரிந்துவிடுகிறது. தனித்து நிற்கும் ஆப்சின், வெளிச்சம் இன்னும் இருப்பது போலக் குச்சியை ஏமாற்றுகிறது. அதனால்தான் இருட்டில் நுழைந்ததும் தடுமாறுகிறோம்.

நிமிர்ந்த ரெட்டினாலைக் குச்சி தானே வளைத்துக்கொள்ள இயலாது. அது அருகிலுள்ள நிறமிப் படலத்திற்குச் சென்று, வளைந்து திரும்பி, மீண்டும் ஆப்சினுடன் சேர வேண்டும். கூம்புகள் சுமார் 10 நிமிடங்களில் தேறிவிடுகின்றன. குச்சிகளுக்கு அரை மணி நேரத்திற்கும் மேலாகிறது. கண்ணில் நிகழும் இத்தகைய வேதிவினைகளை ஆராய்ந்த ஜார்ஜ் வால்ட், 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்தால் இச்சுழற்சி தளர்கிறது. நம் முன்னோர் சொன்ன மாலைக்கண் நோய் வருகிறது. முருங்கைக் கீரையை உண்ணச் சொல்லும் பாட்டியின் பேச்சில் அறிவியலும் இருக்கிறது!

இன்னொன்றும் நினைவில் கொள்வோம். வயது ஏற ஏற இந்த மீட்சி மெதுவாகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசிய மூன்று நொடிகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் 50 மீட்டரைக் கடந்துவிடும். இரவில் காரோட்ட அப்பா தயங்கினால் கேலி செய்ய வேண்டாம். சாவியை நாம் வாங்கிக்கொள்வோம். நாமும் நிதானமாகவே ஓட்டுவோம்.