ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க பாஸ்!

சென்னைக்கு ஒரு நாள் ட்ரிப் போலாமான்னு நம்ம அணைக்கட்டுப் பக்கத்துப் பசங்களைக் கேட்டா, மெரினா, இல்லைன்னா மால்னு சொல்வாங்க. இன்ஜினீயரிங் கோஷ்டின்னா கூடவே ரிச்சி ஸ்ட்ரீட்! சென்ட்ரலில் இறங்கினதுமே ஆட்டோ பிடிச்சுப் பறந்துடறோம். ஆனா, நடக்கிற தூரத்திலேயே ஒரு பெரிய ஊர் இருக்கு. பேர் ஜார்ஜ் டவுன். நாலு தெரு தாண்டினா பாஷை மாறும், சாப்பாடு மாறும், சாமியும் மாறும்.

நாங்க அஞ்சு பேர் முதல் தடவை போனது ஒரு ஞாயித்துக்கிழமை. ஃப்ரெண்டோட அக்காவுக்குக் கல்யாணம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அக்காவே பத்திரிகைச் செலவைக் கொடுத்திருந்தாங்க. 'ஆண்டர்சன் தெருவில் சல்லிசா கிடைக்குமாம், முந்நூறு கார்டு. ஒண்ணு பத்து ரூபாயைத் தாண்டக் கூடாது'னு கண்டிஷன். போய் நின்னா... தெரு முழுக்க ஷட்டர்! மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு லீவுங்கிற அடிப்படை அறிவுகூட அஞ்சு பேரில் ஒருத்தனுக்கும் இல்லை. ராத்திரி வெறுங்கையோட திரும்பினப்போ அக்கா திட்டலை. 'சரி விடுங்கடா, லோக்கல்லயே பார்த்துக்கறேன்'னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லை.

அதனால ரெண்டாவது தடவை காலேஜுக்கு மட்டம் போட்டு, பிளான் போட்டுப் போனோம். அந்த பிளான்தான் இது. சுட்டுக்கலாம்!

விடிகாலையில் ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பி வர்ற ஏலகிரி எக்ஸ்பிரஸை காட்பாடியில் பிடிங்க. ஒரு கொசுறு: 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடினது ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும். அதாவது, நம்ம பக்கம் நோக்கித்தான்!

டவுன் கடைகள் சுறுசுறுப்பாக நேரமாகும். அதுவரைக்கும் சும்மா நிக்காம, சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பெரியமேட்டுக்கு ஒரு நடை. இறங்கினதுமே நம்ம ஊர் வாசனை! தோல், ஷூ சோல், பக்கிள், பசைன்னு கடை கடையா இருக்கு. தோலைச் சதுர அடிக் கணக்கில் விலை பேசறாங்க. வாணியம்பாடி, ஆம்பூர் வியாபாரிகளுக்குத் தலைமுறை தலைமுறையாப் பழகின இடம். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்தின தோல், மெட்ராஸ் துறைமுகம் வழியா 'ஈஸ்ட் இந்தியா லெதர்'ங்கிற பேரில் கப்பலேறிச்சு. 2008-ல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. நண்பன் உற்சாகமாகி ஒரு கடையை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். 'இதைத்தானேடா தினம் பார்க்கிறேன், கார்டு போட்டோ அனுப்பு'ன்னு பதில் வந்தது!

அடுத்து, வால்டாக்ஸ் ரோட்டைத் தாண்டி சௌகார்பேட்டை. ஹைதர் அலி படைக்குப் பயந்து வெள்ளைக்காரங்க ஊரைச் சுத்தி மதில் கட்டி, அந்தச் செலவை வரியா ஜனங்க தலையில் கட்டப் பார்த்தாங்களாம். வரி வசூலாகலை, பேர் மட்டும் ரோட்டில் ஒட்டிக்கிச்சு. தங்கசாலைத் தெருவுக்குள் நுழைஞ்சா குஜராத்தியும் மார்வாடியும் காதில் விழும். காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி சாப்பிடாம நகராதீங்க. பக்கத்தில் கந்தகோட்டம். சின்ன வயசில் வள்ளலார் பாடின முருகன் கோயில்.

அப்புறம்தான் ஆண்டர்சன் தெரு. இங்கே அவசரப்படாதீங்க. முதல் கடையில் பிடிச்ச கார்டையே நாலாவது கடையில் குறைஞ்ச விலைக்குப் பார்த்தோம். ஒண்ணு ஒன்பது ரூபாய்னு முடிஞ்சது! பிரின்ட்டிங்கை ஊரிலேயே பார்த்துக்கலாம்னு வெறும் கார்டாவே வாங்கிட்டோம். முந்நூறு கார்டு கட்டு சும்மா கனக்காது பாஸ். சுமந்துக்கிட்டே மிச்ச ஊரைச் சுத்தினோம். நீங்க பர்ச்சேஸைக் கடைசிக்குத் தள்ளிடுங்க.

பாரிமுனையில் 1892-ல் கட்டி முடிச்ச ஹைகோர்ட். அதோட உச்சியில் 1977 வரைக்கும் கலங்கரை விளக்கம் இருந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் போட்ட குண்டுக்கு மதில் ஓரம் ஒரு கல்வெட்டு இருக்கு, தேடிப் பாருங்க. எதிர்ப்பக்கம் உள்ளே போனா ஆர்மீனியன் ஸ்ட்ரீட். ஆர்மீனியர்கள் 1772-ல் கட்டின சர்ச் அங்கேதான் இருக்கு. 'ஆர்மீனியன்' நம்ம வாயில் புகுந்து தெருவுக்கு 'அரண்மனைக்காரன் தெரு'ன்னு தமிழ்ப் பேரே வந்துடுச்சு. அரண்மனைன்னு எதுவும் இல்லை! அடுத்தாப்பில் தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சிவாஜி மகாராஜா 1677-ல் வந்து கும்பிட்டார்னு சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் நடந்தா மண்ணடி, மசூதிகள், பிரியாணி வாசனை. கோயில், சர்ச், மசூதி மூணையும் ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துடலாம். பஸ் டிக்கெட்கூடத் தேவையில்லை.

இப்போதான் சிக்கல். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் உருவாக்கினது பர்மா பஜார். அங்கே அத்தோ கடைகள் களைகட்டறது சாயந்திரத்தில்தான். நூடுல்ஸோட கோஸ், வெங்காயம், புளித்தண்ணி போட்டுக் கையாலேயே பிசைஞ்சு, தொட்டுக்க வாழைத்தண்டு சூப்போட தர்றாங்க. ஆனா, ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஆறு மணி வாக்கில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிடும். அதுக்கப்புறமும் காட்பாடிக்கு ரயில் இருக்கு, வேலூரிலிருந்து அணைக்கட்டுக்கு பஸ்தான் இருக்காது! ஹாஸ்டல், வேலூர் பார்ட்டிகள் தைரியமா உட்கார்ந்து சாப்பிடலாம். நாங்க பார்சல் கட்டச் சொல்லி, ஹைகோர்ட் ஸ்டேஷனில் மெட்ரோ பிடிச்சோம். ஒரே ஸ்டாப், சென்ட்ரல்.

அரக்கோணம் தாண்டறதுக்குள்ள பார்சல் காலி. கார்டு கட்டு மட்டும் மடியில்.