ஊக்கமருந்தும் நாட்டுப்பற்றும்

போட்டியில் வெல்லும்பொருட்டு உடலின் ஆற்றலை மருந்தாற் பெருக்கிக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. புதியது, அதனைக் கண்டறிந்து தண்டிக்கும் முறையேயாம். ஒலிம்பிக் போட்டிகளில் 1968ஆம் ஆண்டிலேயே ஊக்கமருந்துச் சோதனை தொடங்கிற்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் தோன்றியது 1999இல். வீரரின் சிறுநீர் இரு குப்பிகளிற் பகுத்து முத்திரையிடப்படும். முதற் குப்பியிற் குற்றம் காணப்படின், இரண்டாவதையும் சோதிக்குமாறு கேட்க வீரருக்கு உரிமையுண்டு. உடலிற் காணப்பட்ட பொருளுக்கு அவரே பொறுப்பாளி. அறியாது உட்கொண்டேன் என்பது பெரும்பாலும் தண்டனையைக் குறைக்குமேயன்றிக் குற்றத்தைப் போக்காது. விதி இவ்வளவு தெளிவாயிருக்கவும், அதனூடே வீரரை நோக்கும் நாடுகளின் கண் மட்டும் ஆளுக்கேற்ப மாறுவதைக் காண்கின்றோம்.

1988ஆம் ஆண்டு சியோல் நகரில் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடிய பென் ஜோன்சன் மூன்று நாட்களிற் பதக்கத்தை இழந்தார். கனடாவின் பெருமை எனப் போற்றப்பட்டவர் ஜமெய்க்காவிற் பிறந்தவர் என்பது அப்பொழுதுதான் பலருக்கு நினைவு வந்தது. ஆயினும் கனடிய அரசு நீதிபதி டியூபின் தலைமையில் விசாரணை வைத்துத் தன் வீட்டுக் குப்பையைத் தானே கிளறிற்று என்பதையும் சொல்லல் வேண்டும். ஜோன்சன் இழந்த பொற்பதக்கம் அமெரிக்கரான கார்ல் லூயிசைச் சேர்ந்தது. அதே ஆண்டில், அமெரிக்கத் தெரிவுப் போட்டிகளின்போது, லூயிசின் சோதனையிலும் தடுக்கப்பட்ட கிளர்ச்சிப் பொருள்கள் சிறிதளவிற் காணப்பட்டிருந்தன. அறியாது உட்கொண்டார் எனக் கொண்டு அந்நாட்டு ஒலிம்பிக் குழு அவரை விடுவித்தது. செய்தி வெளிவந்ததோ 2003இலேதான். பொருளும் வேறு, அளவும் வேறு என்பது மெய்யே. எனினும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இலங்கையின் கதை இதனினும் சிக்கலானது. கேகாலை மாவட்டத்துச் சிற்றூரொன்றில் வறிய குடும்பத்திற் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 1997இல் ஏதென்சில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்திலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டே அவரது சோதனையில் நன்ட்ரோலோன் என்னும் மருந்து காணப்பட்டதென அறிவிக்கப்பட்டது; அவர் இடைநிறுத்தப்பட்டார். அரசியற் செல்வாக்குடையோர் தம்மைத் துன்புறுத்தினரென்றும், இது தமக்கெதிரான சூழ்ச்சியென்றும் அவர் முறையிட்டார். பின்னர்க் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். விளையாட்டு அதிகாரிகளோடு முரண்பட்டு நின்ற ஒரு பெண்ணுக்கு அந்த இடைக்காலம் எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் சிட்னியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1948இல் இலண்டனில் டங்கன் வைற் தடைதாண்டி ஓடி வெள்ளி வென்றதன்பின் இலங்கை கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஈராண்டுகளுக்கு முன் ஐயத்தோடு நோக்கப்பட்டவர் தேசத்தின் திருமகளானார். முதலிடம் பெற்றவர் அமெரிக்கரான மரியன் ஜோன்ஸ். சிட்னியில் நிகழ்ந்த எச்சோதனையும் ஜோன்சைக் காட்டிக்கொடுக்கவில்லை. 2007இல் அவரே உண்மையை ஒப்புக்கொண்டார். 2009 டிசம்பரில் பதக்கங்கள் மாற்றி அளிக்கப்பட்டபோது சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. பொன் பெற்ற பகாமஸ் வீராங்கனை ஓடிய நேரம் 22.27 செக்கன், இவர் ஓடியது 22.28. ஓட்டத்தின் வேகத்தில் அவ்விடைவெளி அரைச் சாண் தூரமும் இராது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. ஆய்வுகூடம் குற்றஞ்சாட்டியவர் விசாரணையில் விடுபட்டார். ஆய்வுகூடம் அறியாது விட்டவரோ குற்றவாளியாயிருந்தார். ஆகவே ஆய்வுத்தாளைக் கண்டவுடனே ஒருவரைக் கைவிடுதலும் தவறு. பதக்கத்தைக் கண்டவுடனே ஐயம் யாவும் தீர்ந்ததெனக் கொள்ளுதலும் தவறு.

துடுப்பாட்ட வீரருக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். 2015 டிசம்பரில் குசல் பெரேராவின் சோதனையில் நன்ட்ரோலோனோடு நெருங்கிய உறவுடைய ஒரு பொருள் காணப்பட்டதெனக் கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் அறிவித்தது. இலங்கைத் துடுப்பாட்டச் சபை அவர் பக்கம் நின்றது. வெளிநாட்டுச் சட்டத்தரணிகளையும் துறைவல்லுநரையும் அமர்த்தி வழக்காடிற்று. 2016 மே மாதத்தில் ஆய்வுகூடம் தன் முடிவைக் கைவாங்கியது, பெரேரா விடுவிக்கப்பட்டார். இடையே உலக இருபது பந்துப் பரிமாற்றச் சுற்றுப்போட்டி ஒன்று அவருக்கு இல்லாமற் போயிற்று. சபை செய்தது சரியே. ஆயின் அத்தகைய துணை செல்வம் மிக்க விளையாட்டுக்கு வாய்த்ததேயன்றி, வெறுங்காலோடு ஓடத் தொடங்கியோர்க்கு வாய்க்கவில்லை.

சாக்குப்போக்குகளை ஏற்பதிலும் இவ்வேறுபாடே உண்டு. 2003இல் அவுஸ்திரேலியரான ஷேன் வோர்ன், தாயார் தந்த மாத்திரையே சிறுநீர் பெருக்கி உடலிற் சேர்ந்ததற்குக் காரணம் என்றபோது இப்பக்கத்தில் நகைத்தோர் பலர். அவருக்கு ஓராண்டுத் தடை. 2011இல் இலங்கை வீரர் உபுல் தரங்க, தோள் நோவுக்குக் கொண்ட மூலிகை மருந்தினால் பிரெட்னிசலோன் சேர்ந்தது என்றபோது அதே வாய்கள் இரங்கின. அவருக்கு மூன்று மாதத் தடை. பொருள்கள் வேறாதலின் தண்டனையும் வேறுபடலாம். நகைப்பும் இரக்கமும் வேறுபட்டதற்கு அது காரணமன்று.

கைமருந்தும் எண்ணெயும் சூரணமும் வீட்டுக்கு வீடு வழங்கும் யாழ்ப்பாணத்தில் தரங்கவின் கதை தொலைவிலுள்ளதன்று. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகின்றது; பாடசாலை மாணவரும் சோதிக்கப்படுகின்றனர். தெல்லிப்பழையிலும் சாவகச்சேரியிலும் கோலூன்றிப் பாயும் பிள்ளைகள் தேசியப் போட்டிகளுக்குச் சென்று வருகின்றனர். நகரத்துக் கடைகளில் தசை வளர்க்கும் மாப்பொருள் தகரங்களில் விற்கப்படுகின்றது. அதனுள் இருப்பவை யாவும் மேலொட்டிய தாளில் எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சோதனைக் குப்பிகளோ வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கே அனுப்பப்படுகின்றன. அங்கிருந்து அப்பிள்ளைகளுள் ஒருவருக்குக் கடிதம் வருமாயின், இரண்டாவது குப்பியைத் திறக்கும்போது உடனிருக்க யாரை அனுப்புவது, அதற்காகும் செலவை யார் கொடுப்பது என்னும் வினாக்களுக்குப் பாடசாலைகளிலும் விளையாட்டுச் சங்கங்களிலும் முன்னரே விடை இருத்தல் வேண்டும்.