"அரங்கம்" காணவில்லை! கண்டுபிடிக்க 2 பேர் தேவை

திருச்சி,

ஸ்ரீரங்கத்தில் கோவில் இருக்கிறது. கோபுரம் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் மட்டும் "அரங்கம்" இல்லை. அந்த இடத்தில் "அாங்கம்" நிற்கிறது!

இது திருட்டுச் செய்தி அல்ல, எழுத்துச் செய்தி.

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றுகிறார்கள். படத்தைக் கம்ப்யூட்டரே படித்து எழுத்தாக மாற்றுகிறது. அதற்கு "ர" எது, துணைக்கால் எது என்று தெரிவதில்லை. அரசன் "அாசன்" ஆகிவிடுகிறான். 1978-ல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்பு, தும்பிக்கை வைத்த "லை", "னை" அச்சில் இருந்தது அல்லவா? அதைக் கண்டாலும் தடுமாற்றம்தான்.

ஒரு எழுத்துதானே, போனால் போகிறது என்கிறீர்களா? ஆராய்ச்சி மாணவர் ஒருவர் "அரங்கம்" என்று தட்டித் தேடினால் அந்தப் பக்கம் வரவே வராது. "இந்த நூலில் அரங்கம் பற்றி ஒரு வரியும் இல்லை" என்று அவர் எழுதி, பட்டமும் வாங்கிவிடுவார்!

ஆளுக்கொரு ஊர்

இதைத் திருத்தத்தான் "தமிழ் விக்கிமூலம்" என்ற பொதுத்தளத்தில் பல ஊர்க்காரர்கள் ஒரே புத்தகத்தில் வேலை செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. திரையில் ஒரு பக்கம் அச்சுப் படம், பக்கத்திலேயே எழுத்து. ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதுதான்.

யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தி முடித்தால் மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. மஞ்சள் ஆக்கியவரே பச்சையும் ஆக்க முடியாது! தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்று நம்ம அச்சகத்துக்காரர்கள் சொல்வார்களே, அதே கணக்கு.

எந்த எழுத்தை, யார், எந்த நிமிஷத்தில் மாற்றினார் என்பதும் பதிவாகிவிடும். தகராறு வந்தால் பக்கத்தோடு ஒட்டிய பேச்சுப் பக்கத்தில் வாதாடலாம்.

முன்னோடி

இந்த மாதிரி வேலைக்கு 1998 பொங்கலன்றே பிள்ளையார் சுழி போட்டது "மதுரைத் திட்டம்". சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொரு நாட்டில் ஒருவர் பிழை பார்ப்பார். போக்குவரத்து எல்லாம் மின்னஞ்சலில். இப்படியே 500 நூல்களுக்கு மேல் சேர்ந்தன.

அதற்கும் முன்னால்? திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாதய்யர். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட அவர் ஊர் ஊராய் அலைந்தார். ஏட்டை ஏட்டோடு ஒப்பிட வேண்டுமானால் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கேட்டுக் குறிக்க, ஒரே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். நம்ம காவிரியில் எத்தனை போச்சோ!

இரண்டாவது ஆள் எங்கே?

இப்போது உள்ள குறை வேறு. புத்தகம் ஏராளம், ஆள் குறைவு. மஞ்சளோடு நிற்கிற பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன.

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பெயர் பதிய வேண்டும், காசு கட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் செல்போன். சத்திரத்தில் 1-ம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் இறங்குவதற்குள் சின்னப் பக்கம் ஒன்றை முடித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்!

ஒரே ஒரு எச்சரிக்கை. அச்சில் "ஸ்வாமி" என்று இருந்தால் "சுவாமி" ஆக்கக் கூடாது. அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதே ஆராய்ச்சிக்காரருக்குச் சாட்சி. புத்தகத்தையே திருத்த அங்கே யாருக்கும் அதிகாரம் கிடையாது. வாத்தியார் புத்தி உள்ளவர்கள்தான் இதில் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாமும் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். ஏழு இடத்தில் "ர" காணோம். ஏழையும் மீட்டு மஞ்சள் ஆக்கிவிட்டு, ஜம்பமாகப் படுக்கப் போனோம். மறுநாள் பார்த்தால் பக்கம் பச்சை! எந்த ஊர்க்காரரோ, எட்டாவது "ர"வையும் கண்டுபிடித்துப் போட்டிருந்தார்.