மூட்டுத் தேய்வும் முன்னோர் வழியும்

"அண்ணா, பாட்டிக்கு வந்தது, அம்மாவுக்கும் வந்துவிட்டது. இனி என் முறைதானே?" என்று கரமனையில் வசிக்கும் என் தங்கை சென்ற மாதம் கேட்டாள். முப்பது வயதுகூட நிரம்பாத அவள், முழங்கால் தேய்ந்துவிடுமோ என அஞ்சி மாலை நடையையே நிறுத்திவிட்டாள். அன்பர்கள் பலருடைய இல்லங்களிலும் இவ்வச்சம் இருக்கக்கூடும். ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

மூட்டுநோய் பரம்பரையாக வருவதுண்டு என்பது மெய்யே. கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் ஹந்திகோடு என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே 1970களின் நடுவில், இளவயதினர் பலர் இடுப்பு மூட்டும் முழங்காலும் பழுதுற்று நடக்கவியலாது வருந்துவது வெளியாயிற்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சென்று ஆராய்ந்தனர். அந்நோய் சில குடும்பங்களில் தலைமுறைதோறும் தொடர்வது புலனாயிற்று. பெற்றோருள் ஒருவரிடமிருந்தே பிள்ளைகளுக்கு இறங்கும் தன்மையது அது.

ஆனால் நம் பாட்டிமாரின் முழங்கால் வலி அத்தகையதன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழவழப்பான குருத்தெலும்பு நாளடைவில் நைந்துபோவதே இந்நோய். இதில் ஒரு மரபணு அன்று, பல மரபணுக்கள் சிறுசிறு பங்கு கொள்கின்றன. இங்கிலாந்தில் இரட்டையராய்ப் பிறந்த பெண்களை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட கணக்கின்படி, கைமூட்டு, முழங்கால் தேய்வில் மக்களிடையே காணும் வேறுபாட்டிற்கு மரபே காரணமாகும் அளவு நூற்றுக்கு 39 முதல் 65 வரை. எஞ்சியதில் உடற்பருமன், பழைய காயம், செய்யும் தொழில் ஆகியவற்றிற்கும் இடமுண்டு. அவற்றுள் பல நம் கைக்கு எட்டுவன.

எடையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் நகரத்துப் பெண்களை ஆராய்ந்து 1992-ல் கூறியது யாதெனில், பத்தாண்டுகளில் சுமார் 5 கிலோ எடை குறைந்தவர்களுக்கு முழங்கால் நோய் தோன்றும் வாய்ப்புப் பாதியாகக் குறைந்தது என்பதே. எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறையும் என்பது 2005-ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு.

அடுத்தது அசைவு. நடையை நிறுத்தினால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டுக்குத் துணையில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்லத் தாழ்த்துக. பின்னர் மறுகாலையும் அவ்வாறே செய்க. அரிவாள்மணை முன் நெடுநேரம் குந்தியிருப்பதைத் தவிர்த்து, மேசைமீது காய் நறுக்கலாம். விழுந்து முழங்காலில் அடிபட்டால் எண்ணெய் தடவுவதோடு நில்லாமல் மருத்துவரிடம் காட்டுக. மூட்டு வீங்கிச் சூடேறினாலும், காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்தாலும் அது வேறுவகை வாதமாக இருக்கலாம், தாமதம் கூடாது.

இவற்றையெல்லாம் தங்கைக்கு எடுத்துரைத்தேன். இப்பொழுது மாலையில் மீண்டும் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். தெருக்கோடி வரையில் அன்னையாரும் உடன் செல்கிறார்.