எந்தக் கடனுக்கு எந்தக் கதவு?

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 42 பேர் மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழும் படம் நாடெங்கும் பரவியது. அவர் வாங்கியிருந்த முன்பணம் 1,000 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின.

படம் பேசப்பட்ட அளவுக்கு அதன் பின்னால் இருந்த சட்டம் பேசப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்டவே வேண்டாம். வட்டிச் சலுகை, தவணை நீட்டிப்பு என்ற பேச்சே இல்லை, கடனே ரத்து. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணம் வாங்கிவிட்டு, அது தீரும்வரை வேறு வேலைக்குப் போக முடியாமல் அடைபட்டுக் கிடக்கும் குடும்பத்துக்கு, கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழே மறுவாழ்வு நிதிக்கும் வழி.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கூலி வேலைக்குப் போகும் தாய்மார் பலருடைய நிலை இவ்வளவு கொடியதல்ல, ஆனால் சிக்கலானது. கடன் ஒரே இடத்தில் இருக்காது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நகை அடகுக்குப் போகும்; அதை மீட்க மைக்ரோ பைனான்ஸ் குழுவில் கடன்; குழுவின் தவணை தவறாமல் இருக்கத் தண்டல்காரர். மூன்றுக்கும் மூன்று சட்டம்.

முதலில், பலரும் எதிர்பார்க்கும் தள்ளுபடி. 2021இல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்டு வைத்த நகைக்கடனை, அதுவும் நிபந்தனைகளோடு. கூட்டுறவில் மகளிர் சுய உதவிக்குழுக்கள் வாங்கிய கடனுக்கும் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. தனியார் அடகுக்கடைக்கும் மைக்ரோ பைனான்ஸுக்கும் அதில் இடமில்லை. தேர்தல் வருகிறதே என்று தவணையை நிறுத்துவது வெறும் சூதாட்டம்.

மைக்ரோ பைனான்ஸ்தான் இன்று வாசலில் நிற்கும் கடன். அதற்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானம் கேட்காமல்தான் இந்தக் கடனைத் தர வேண்டும். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வசூல் ஆட்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது. உறவினரையோ உடன் வேலை செய்பவரையோ தொந்தரவு செய்யக்கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் இல்லை. வட்டி, கட்டணம், கட்டிய தவணை எல்லாம் கடன் அட்டையில், வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் ஊர்ப் பொறுப்புக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய உத்திரமேரூரில், இந்த அட்டையைக் கேட்டு வாங்கக் கூச்சம் எதற்கு?

இந்த விதிகளை மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம். தண்டனை 3 ஆண்டு சிறைவரை. நியாயமான வட்டியோடு பாக்கியை நீதிமன்றத்தில் செலுத்திக் கடனை முடித்துக்கொள்ளவும் அதில் வழியுண்டு. காகிதத்தில் எல்லாம் சரி. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு தம்பதியும் இரு பெண் குழந்தைகளும் தீயில் கருகியபோது அந்தச் சட்டத்துக்கு வயது 14. அவர்கள் அதற்கு முன்பே பலமுறை மனு கொடுத்தவர்கள். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தனியாக இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. எந்தச் சட்டத்தின்படி மனுக் கொடுத்தாலும் அதற்கு ரசீது வாங்கி வைப்பது அவசியம்.

வழக்கு வந்தால் பயப்படுகிற அளவுக்குச் சட்டம் கொடுமையானதல்ல. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைச் சிறையில் அடைக்க முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. 60ஆம் பிரிவின்படி துணிமணி, பாய் படுக்கை, சமையல் பாத்திரம், கூலி எதையும் ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகையிலும், அதாவது தாலியிலும், கை வைக்க முடியாது.

கடைசி வழி திவால் மனு, ஊர்ப் பேச்சில் மஞ்சள் கடுதாசி. ஏழைகளுக்காக 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் எளிய முறை ஒன்று எழுதப்பட்டது: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இல்லாதவர். எழுதினார்களே தவிர, அந்தப் பகுதியை இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே வெள்ளைக்காரர் காலத்து 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான் மனுப் போட வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு; சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.